பெயரை மறக்கக் கற்ற பையன்

குழந்தைக்கு மழலை திருந்தியதும் நாம் முதலில் எதைச் சொல்லிக் கொடுக்கிறோம்? அதன் பெயரைத்தான். "மாமா கேட்கிறார் பார், உன் பேர் என்ன, சொல்லு!" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னாலெல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்கிறோம். குழந்தை தப்பும் தவறுமாகச் சொன்னாலும் நமக்குப் பெருமை தாங்குவதில்லை.

1944-ஆம் வருஷம் ஹங்கேரி நாட்டின் தலைநகரமாகிய புடாபெஸ்டில் ஒரு தாய் தன் எட்டு வயது மகனுக்கு இதற்கு நேர்மாறான பாடத்தைச் சொல்லிக் கொடுத்தாள். அவனுடைய பெயரை அவன் மறந்துவிட வேண்டும்! யார் கேட்டாலும், எந்த வேளையில் கேட்டாலும், தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும், புதிய பெயர் ஒன்றைத்தான் தயங்காமல் சொல்ல வேண்டும். வாய் தவறிப் பழைய பெயரைச் சொல்லிவிட்டால் தாயும் பிள்ளையும் உயிரோடு இருக்க முடியாது.

பையனின் பழைய பெயர் ஆண்ட்ராஷ் கிரோஃப். புதிய பெயர் ஆண்ட்ராஷ் மலஷெவிச். பிற்காலத்தில் அமெரிக்காவுக்குப் போய் அவன் தானாக வைத்துக்கொண்ட மூன்றாவது பெயர்தான் உலகத்துக்குத் தெரிந்தது: ஆண்ட்ரூ குரோவ். நம் மேஜை மீதுள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூளையாக அமைந்த சில்லுகளைச் செய்து குவித்த இன்டெல் கம்பெனியைப் பதினொரு வருஷ காலம் தலைமை ஏற்று நடத்தியவர் அவர்தான்.

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் தைரியம், தன்னம்பிக்கை என்றெல்லாம் அடுக்குவது வழக்கம். குரோவ் விஷயத்தில் அது சரிப்படாது. அவர் வாழ்க்கை முழுவதும் அவருடன் கூடவே வந்தது பயம். அதை அவர் மறைக்கவும் இல்லை. பயப்படுவது நல்லது என்று புத்தகமே எழுதினார்.

* * *

1936 செப்டம்பர் 2-ஆம் தேதி யூதக் குடும்பம் ஒன்றில் ஒரே பிள்ளையாக அவர் பிறந்தார். தகப்பனார் ஜார்ஜ், பால், வெண்ணெய் வியாபாரத்தில் ஒரு பங்குதாரர். தாயார் பெயர் மரியா. நான்கு வயதில் பையனுக்குக் கடுமையான விஷ ஜுரம் கண்டது. ஸ்கார்லெட் ஜுரம் என்பார்கள். இன்று பென்ஸிலின் கொடுத்துக் குணப்படுத்திவிடும் வியாதி. அன்று அது பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிற்று. ஆண்ட்ரிஸ் பிழைத்தான். ஆனால் காதுகள் இரண்டும் பழுதாகிவிட்டன. பாதிதான் கேட்கும். யார் பேசினாலும் அவர்கள் முகத்தையே உற்றுப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு அப்போதே வந்தது.

1942-ல் தகப்பனாரை ராணுவக் கூலிப் படையில் சேர்த்து ருஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள். பிறகு அவர் காணாமற் போனார் என்று செய்தி வந்தது. 1944 மார்ச்சில் ஜெர்மானியப் படை ஹங்கேரிக்குள் புகுந்தது. யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் தைத்த உடை அணிய வேண்டும் என்று உத்தரவாயிற்று. அக்டோபரில் ஹங்கேரிய நாஜிகளே ஆட்சியைப் பிடித்துக்கொண்டதும் மரியா இனித் தாமதிக்கலாகாது என்று முடிவு செய்தாள். பொய்ப் பெயரில் காகிதங்கள் தேடிக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர்களின் உதவியால் நகரத்தின் ஓரத்தில் போய் மறைந்திருந்தாள்.

கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. அடுத்த வீட்டுக்காரர் நல்லவரா, காட்டிக் கொடுப்பவரா, அதுவும் தெரியாது. காது மந்தமான பிள்ளை ஒரு கேள்வியைத் தவறாகக் கேட்டு ஒரு பதிலைத் தவறாகச் சொன்னால் எல்லாம் முடிந்தது. இப்படிச் சில மாதங்களை அந்தப் பெண்மணி கடத்தினாள் என்பதை நினைத்தால், பின்னால் மகன் செய்த காரியங்களெல்லாம் எனக்குச் சற்றுச் சிறியவையாகவே தோன்றுகின்றன.

1945 ஜனவரியில் ருஷ்யப் படை அந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. பையனுக்குப் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. அவ்வருஷமே, செத்துவிட்டார் என்று ஊரார் நினைத்திருந்த தகப்பனார், எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றார்.

* * *

அதற்குப் பிறகு நிம்மதி என்று நினைத்தால், அதுவும் நீடிக்கவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. பால் வியாபாரம் அரசாங்கத்துக்குப் போயிற்று. ஆண்ட்ரிஸுக்குப் பத்திரிகைக்காரனாக வேண்டும் என்று ஆசை. சிறுவர் பத்திரிகை ஒன்றில் எழுதிக்கொண்டும் இருந்தான். உறவினர் ஒருவரைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனதும் அவன் கட்டுரைகளைப் பத்திரிகையில் போடுவது நின்றது. எழுத்து நன்றாயிருக்கிறதா என்பதைப் பிறர் மனம்போல் தீர்மானிக்கலாம். சோதனைக் குழாயில் வருகிற விடையை யாரும் மாற்ற முடியாது. இப்படி யோசித்துத்தான் பையன் ரஸாயனத்தின் பக்கம் திரும்பினான். பத்திரிகை உலகத்துக்கு நஷ்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

1956 அக்டோபரில் ஹங்கேரிய மக்கள் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். நவம்பர் 4-ஆம் தேதி ருஷ்ய டாங்கிகள் வந்து அதை நசுக்கின. வாலிபர்களைத் தெருவில் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று வதந்தி. ஆண்ட்ரிஸ் அப்போது சர்வகலாசாலை மாணவன், வயது இருபது. ஆஷ்விட்ஸ் கொலைக்களத்திலிருந்து உயிர் தப்பித் திரும்பிய உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி வந்து, பையன் உடனே தேசத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அந்த வாயிலிருந்து வந்த எச்சரிக்கையை யாரால் தட்ட முடியும்? ஒரே பிள்ளை. திரும்பிப் பார்ப்போமா என்பது நிச்சயமில்லை. இருந்தும் பெற்றோர் வழியனுப்பினார்கள்.

சிநேகிதர்களுடன் ரயிலில் எல்லைப்புறம் வரை போய், இரவில் சேற்று வயல்களில் விழுந்து எழுந்து ஆஸ்திரியாவுக்குள் கால் வைத்தான். அந்தக் கொந்தளிப்பில் இரண்டு லட்சம் ஹங்கேரியர்கள் தேசத்தை விட்டு வெளியேறினார்கள். அகதிகளைக் காக்கும் சர்வதேச மீட்புக் குழுவின் உதவியால் கப்பலேறி, 1957 ஜனவரியில் நியூயார்க் வந்து சேர்ந்தான். அந்தக் குழு அவனுக்குச் செய்த இன்னோர் உதவி, காது கேட்கும் கருவி ஒன்று வாங்கித் தந்தது.

சம்பளம் வாங்காமல் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்த நியூயார்க் சிட்டி கல்லூரியில் இடம் கிடைத்தது. பாஷை புதிது, காதும் மந்தம். பேராசிரியர்களின் உதட்டசைவைப் பார்த்தே பாதிப் பாடத்தைப் புரிந்துகொண்டு, இரவில் அகராதியுடன் உட்கார்ந்து மீதியைச் சரிக்கட்டினார். (இனி 'அவர்' என்றே சொல்லுவோம்; கல்யாணம் ஆகப் போகிறது.) கோடை விடுமுறையில் மலைப்பிரதேச ஹோட்டல் ஒன்றில் எச்சில் தட்டு எடுக்கும் வேலைக்குப் போனார். அதே ஹோட்டலில் பரிமாறும் பெண்ணாக இருந்தவள் ஈவா. வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பிப் பொலிவியா போய், அங்கிருந்து அமெரிக்கா வந்தவள். இரண்டு அகதிகளுக்கும் 1958-ல் விவாகம் நடந்தது. கடைசி வரை, ஐம்பத்தெட்டு வருஷம் நீடித்த தாம்பத்தியம். 1960-ல் அவர் ரஸாயன இன்ஜினீயரிங்கில் முதல் மாணவராகத் தேறினார். மூன்று வருஷத்துக்கு முன் கப்பலில் வந்து இறங்கிய அகதி வகுப்பில் முதல்வனானான் என்று நியூயார்க் டைம்ஸ் செய்தி போட்டது. பிற்பாடு பெற்றோரும் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள்.

* * *

கலிபோர்னியாவில் டாக்டர் பட்டம் பெற்று, 1963-ல் ஃபேர்சைல்டு என்ற கம்பெனியில் ஆராய்ச்சி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் கையில் வந்து சேர்ந்த பிரச்னை நம் சமையலறைக்கு ரொம்பச் சமீபமானது. அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

மணலில் நிறைந்திருக்கும் சிலிக்கன் என்ற பொருளுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. தாமிரத்தைப் போல மின்சாரத்தைத் தாராளமாக விடுவதும் இல்லை. கண்ணாடியைப் போல ஒரேயடியாகத் தடுப்பதும் இல்லை. நாம் சொன்னபடி கேட்கும். அதனால்தான் குறைகடத்தி என்று பெயர். சிலிக்கன் தகட்டின் மேல் மெல்லிய கண்ணாடிப் படலம் ஒன்றை வளரவிட்டு, அதன் மேல் உலோகப் பூச்சு பூசி, அந்த உலோகத்துக்கு மின் அழுத்தம் கொடுத்தால் அடியில் ஓடும் மின்சாரம் கூடும், குறையும், நிற்கும். தண்ணீரைத் தொடாமலே குழாயைத் திருகுவது போல! இந்தக் குழாய்க்குத்தான் டிரான்ஸிஸ்டர் என்று பெயர். இதை ஆயிரம், லட்சம் என்று ஒரே சில்லில் அடைத்தால் கம்ப்யூட்டரின் மூளை.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. செய்து பார்த்தால் குழாய் ஒழுகிற்று. இன்று ஒரு மாதிரி வேலை செய்யும். சற்றுச் சூடானால் நாளைக்கு வேறு மாதிரி. காரணம் புரியாமல் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். குரோவும், புரூஸ் டீல், எட் ஸ்னோ என்ற சகாக்களும் சேர்ந்து துருவித் துருவிப் பார்த்ததில் குற்றவாளி அகப்பட்டது. அது சோடியம். அதாவது நம் உப்பில் இருக்கும் அதே சரக்கு! விரல் வியர்வையில் இருப்பது, கருவிகளில் ஒட்டியிருப்பது, எல்லாமாகக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கண்ணாடிப் படலத்தில் புகுந்துகொண்டு, அழுத்தம் கொடுக்கும்போது அங்குமிங்கும் நகர்ந்து கணக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ரசத்தில் உப்புக் கை தவறினால் வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். இங்கே ஒரு தொழிலே கெட்டுக்கொண்டிருந்தது.

பரிகாரம் என்ன? சுத்தம், மறுபடியும் சுத்தம். 1965-ல் இதெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரைகளாக வெளிவந்தன. கண்ணாடிப் படலம் எத்தனை நேரத்தில் எவ்வளவு தடிமன் வளரும் என்று டீலும் குரோவும் போட்டுக் கொடுத்த கணக்கை இன்றைக்கும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

* * *

1968-ல் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் என்ற இருவர் ஃபேர்சைல்டை விட்டு வெளியேறி இன்டெல் கம்பெனியை ஆரம்பித்தார்கள். குரோவ் முதல் நாளே அவர்களுடன் சேர்ந்துகொண்டார். நாய்ஸ் எல்லோருக்கும் இனியவர். மூர் அதிர்ந்து பேசாதவர். கணக்குக் கேட்டு அதட்டுகிற வேலை குரோவுக்கு வாய்த்தது. மாமனார், மாமனாரின் அண்ணா இருவரும் பரம சாது. மாமியார் மட்டும் கண்டிப்பு என்கிற குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா? அது மாதிரி.

காலை 8 மணி 5 நிமிஷத்துக்குப் பிறகு வருகிறவர்கள், எவ்வளவு பெரிய உத்தியோகஸ்தரானாலும், வாசலில் உள்ள தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவரவர் மேஜையும் அலமாரியும் துப்புரவாக இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போட ஆட்கள் உண்டு. உப்பைத் தேடிப் பிடித்த மனிதருக்குத் தூசியைக் கண்டால் பொறுக்குமா? கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் வரை முழு வேலை நாள்தான் என்று அவர் சுற்றறிக்கை அனுப்ப, ஊழியர்கள் பல்லைக் கடித்தார்கள். 1981-ல் வியாபாரம் மந்தமானபோது ஆறு மாதம் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக, கூடுதல் சம்பளமில்லாமல் உழைக்கும்படி கேட்டார். இவற்றையெல்லாம் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறு மாதமும் வீட்டில் அடுப்பண்டை காத்திருந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஒன்று. தமக்கென்று தனி அறை அவர் வைத்துக்கொள்ளவில்லை. எல்லோரையும் போல இடுப்பளவு, மார்பளவுத் தடுப்புக்குள்தான் உட்கார்ந்தார். காரை நிறுத்தக்கூட ஒதுக்கிய இடம் கிடையாது; பிந்தி வந்தால் தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.

1983-ல் அவர் எழுதிய நிர்வாகப் புத்தகம் ஒன்று, 'ஹை அவுட்புட் மேனேஜ்மெண்ட்' என்று பெயர், காலைச் சிற்றுண்டியில் ஆரம்பிக்கிறது. சில்லும் இல்லை, மின்சாரமும் இல்லை. வேக வைத்த முட்டை, வாட்டிய ரொட்டி, காபி. மூன்றும் சூடாக, ஒரே சமயத்தில் மேஜைக்கு வர வேண்டும். எது அதிக நேரம் பிடிக்கும்? முட்டை. ஆகவே முட்டையை முதலில் வைத்து, அதன் நேரத்தைக் கொண்டு மற்றவற்றைத் திட்டமிடு என்கிறார். ஹோட்டலில் தட்டுத் தூக்கியபோது கற்ற வித்தை! இதைப் படித்துப் பெரிய பெரிய மானேஜர்கள் வியந்தார்களாம். குக்கரை ஏற்றிவிட்டுச் சட்னி அரைத்து, டிகாக்ஷன் இறங்குவதற்குள் பிள்ளைக்குத் தலை பின்னி, எட்டரை மணிக்குள் மூன்று டிபன் டப்பாவையும் மூடி வைக்கிற நம் சகோதரிகளுக்கு இதில் என்ன வியப்பு இருக்கிறது? நாம் புத்தகம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

* * *

இன்டெல் முதலில் பணம் சம்பாதித்தது கம்ப்யூட்டரின் ஞாபகச் சில்லுகளில். 1971-ல் கணக்குப் போடும் சில்லு ஒன்றையும் அது வெளியிட்டது. 2,300 டிரான்ஸிஸ்டர்கள் கொண்டது. ஆனாலும் ஞாபகச் சில்லுதான் மூத்த பிள்ளை, குடும்பத்தின் பெயர் சொல்லும் பிள்ளை. ஜப்பானியர் அதே சரக்கை இன்னும் நன்றாகவும் மலிவாகவும் செய்யத் தொடங்கினார்கள். இன்டெல் ஒரு வருஷத்துக்கு மேல் தத்தளித்தது.

1985-ன் நடுவில் ஒரு நாள் குரோவும் மூரும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியே தூரத்தில் கேளிக்கைப் பூங்காவின் ராட்டினம் சுற்றுவது தெரிந்தது. குரோவ் திரும்பி மூரைக் கேட்டார்: நம் இருவரையும் வெளியே தள்ளிவிட்டு வேறொருவரைத் தலைவராகக் கொண்டு வந்தால் அவர் என்ன செய்வார்? மூர் தயங்காமல், ஞாபகச் சில்லை விட்டுத் தொலைப்பார் என்றார். அப்படியானால் நாமே இந்த வாசல் வழியாக வெளியே போய், புது ஆட்களைப் போலத் திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்று கேட்டார் குரோவ்.

செய்தார்கள். மூத்த பிள்ளையைக் கைவிட்டார்கள். தொழிற்சாலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. 1986-ல் கம்பெனி நஷ்டத்தில் ஓடிற்று. பழைய பெயரை உதறிவிட்டுப் புதிய பெயரோடு பிழைத்த பையனுக்கு அந்த முடிவை எடுக்கும் மனம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். அதற்குப் பின் கணக்குப் போடும் சில்லே கதி என்று நம்பி இறங்கியதில் இன்டெல் உலகத்தை ஆண்டது. 1987-ல் குரோவ் தலைமை நிர்வாகியானபோது வருஷ விற்பனை 190 கோடி டாலர். பத்து வருஷத்தில் அது 2,500 கோடி டாலர் ஆயிற்று.

அந்த உச்சத்திலேதான் அவர் சறுக்கினார். 1994-ல் பென்டியம் சில்லு வகுத்தல் கணக்கில் அபூர்வமாகத் தப்பு விடுகிறது என்று கணிதப் பேராசிரியர் ஒருவர் கண்டுபிடித்தார். சாதாரணமாகக் கணக்குப் போடுகிறவருக்கு அந்தத் தப்பு 27,000 வருஷத்துக்கு ஒரு தடவைதான் நேரும். அவசியம் என்று நிரூபிக்கிறவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது இன்டெல். கணக்கு சரிதான். ஆனால் கல் கிடக்கிற அரிசியை விற்றுவிட்டு, பத்து மூட்டைக்கு ஒரு கல்தான் அம்மா என்று மளிகைக் கடைக்காரர் சாதித்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சில வாரப் பிடிவாதத்துக்குப் பிறகு கேட்டவருக்கெல்லாம் மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். நஷ்டம் 47 கோடியே 50 லட்சம் டாலர். எதற்கும் பயப்படு என்று பிறருக்குச் சொன்னவர், வாங்குகிற ஜனங்களுக்குப் பயப்பட மறந்துபோனார்.

* * *

அதே சமயத்தில் சொந்த உடம்பிலும் ஒரு பயம் வந்து சேர்ந்தது. பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். டாக்டர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குரோவ் வைத்திய சஞ்சிகைகளை வாங்கிக் குவித்து, புள்ளிவிவரங்களைத் தாமே கட்டமிட்டுப் பார்த்து, கதிர்வீச்சு சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். ஆண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் அந்த வியாதியைப் பற்றி 1996-ல் ஒளிவு மறைவின்றிப் பத்திரிகையில் எழுதினார். 2000-ல் பார்க்கின்ஸன் என்ற நடுக்கு வியாதியும் கண்டது. இரண்டோடும் போராடிக்கொண்டே, 2005-ல், தமக்குச் சம்பளமில்லாமல் படிப்புத் தந்த சிட்டி கல்லூரிக்கு 2 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்தார். அங்குள்ள இன்ஜினீயரிங் கல்லூரிக்கு இன்று அவர் பெயர்.

2016 மார்ச் 21-ஆம் தேதி, 79-ஆவது வயதில் காலமானார். அவருக்குப் பிறகு இன்டெல்லின் கதை அத்தனை சிலாக்கியமாக இல்லை. செல்போன் சில்லுகளைக் கோட்டை விட்டது. 2024 நவம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டு என்விடியா என்ற வேறொரு சில்லுக் கம்பெனியைச் சேர்த்தார்கள். முதல் பெரிய சறுக்கலுக்கு அவர் பட்ட பயத்தில் பாதி இருந்திருந்தால் என்று கலிபோர்னியாவில் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு.

ஹங்கேரிக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. ஆனால் 2001-ல், நீந்திக் கடப்பது என்று பொருள்படும் தலைப்பில், அந்த இருபது வருஷத்தை மட்டும் ஒரு புத்தகமாக எழுதினார். புடாபெஸ்ட் பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியர் ஒருவர், பெற்றோர் கூடியிருந்த இடத்தில், வாழ்க்கை ஒரு பெரிய ஏரி என்றும், இறங்குகிற பிள்ளைகளில் கிரோஃப் அக்கரை சேருவான் என்றும் சொன்னாராம். தலைப்பு அதிலிருந்து வந்தது. பத்திரிகைக்காரனாக ஆசைப்பட்ட பையன் அல்லவா? நன்றாகவே எழுதியிருக்கிறார். புத்தகத்தில் இன்டெல் இல்லை; சில்லு இல்லை. அம்மா இருக்கிறாள், மஞ்சள் நட்சத்திரம் இருக்கிறது, மலஷெவிச் என்ற பெயர் இருக்கிறது. அதில் வந்த பணத்தை, காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்த அந்த மீட்புக் குழுவுக்கே அனுப்பிவிட்டார்.